கரிசல் மண்ணில் கட்டிய நீச்சல் குளம் கோடையில் மட்டும் ஏன் ஒழுகுகிறது?

உடுமலைப்பேட்டைக்கு அருகே தோட்டத்து வீட்டில் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட காங்கிரீட் நீச்சல் குளம் வைத்திருக்கும் ஒருவர் இங்கே கேட்டிருப்பதன் சாரம் இதுதான்: கட்டி நான்கு ஆண்டுகளான குளத்தில் மாசி முதல் ஆனி வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் இறங்குகிறது, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இறங்குவதே தெரிவதில்லை. டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி இரண்டு முறை புதிதாக கிரவுட் பூசியும் பயனில்லை. கட்டிக்கொடுத்தவர் "மண்ணின் குணம்" என்கிறார். கொத்தனார் "காங்கிரீட் சரியில்லை" என்கிறார். யார் சொல்வது சரி, எல்லாவற்றையும் உடைத்துக் கட்ட வேண்டுமா என்று அவர் கேட்கிறார். இதற்கு அடியில் இருக்கும் கேள்வி, ஒரே குளம் ஒரு பருவத்தில் ஒழுகி மற்றொரு பருவத்தில் ஒழுகாமல் இருக்க முடியுமா என்பது. முடியும். மண் பொறியியல் படித்து, கோவை, திருப்பூர் வட்டாரங்களில் தண்ணீர்த் தொட்டிகளையும் நீச்சல் குளங்களையும் நெடுங்காலமாகப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குளத்தை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால், உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகமாக மட்டுமே சொல்லக்கூடியதையும் தனித்தனியாகக் காட்ட முயல்கிறேன்.

முதலில் கணக்கு. உங்கள் குளத்தின் நீர்ப்பரப்பு 32 சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 320 லிட்டர் போனதாகப் பொருள்; இரண்டரை சென்டிமீட்டர் என்பது நாளுக்கு 800 லிட்டர். இது முழுவதும் ஒழுக்கு அல்ல. நம் பகுதியின் வறண்ட கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை ஆவியாவது இயல்பு. அதற்கு வெயிலை மட்டும் காரணமாக நினைக்கக் கூடாது, காற்றுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று, நீரின்மேல் படிந்திருக்கும் ஈரக் காற்றை உடனுக்குடன் அகற்றிவிடுவதால், வானம் மூடியிருக்கும் நாளிலும் ஆவியாதல் அதிகம் குறைவதில்லை. ஆக, உங்கள் 800 லிட்டரில் 160 முதல் 320 லிட்டர் வரை வானத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், மீதி ஏறக்குறைய 500 லிட்டருக்கு வேறு வழி இருந்தாக வேண்டும். ஒழுக்கு இருக்கிறது என்பது இந்த அளவிலேயே தெளிவாகிறது, நீங்கள் இறக்கத்தைச் சரியாக அளந்திருந்தால். அதை உறுதிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. ஒரு பக்கெட்டில் குளத்து நீரையே நிரப்பி, குளத்தின் படிக்கட்டில் பாதி மூழ்கியவாறு வைத்து, பக்கெட்டுக்குள் இருக்கும் நீர்மட்டத்தையும் குளத்தின் நீர்மட்டத்தையும் குறித்துவைத்து, 24 மணி நேரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே வெயிலையும் காற்றையும் பெறுவதால், பக்கெட்டில் இறங்கியதை விடக் குளத்தில் கூடுதலாக இறங்கிய அளவே ஒழுக்கு. பம்ப் ஓடும்போது ஒரு நாளும் ஓடாதபோது ஒரு நாளும் இதைச் செய்ய வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி மண்ணுக்கு வருகிறேன். உங்கள் தோட்டத்து மண் கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளப்பதாகவும் மழையில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது கரிசல். அதன் களிமண்ணில் மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம் மிகுதி. இந்தக் கனிமத்தின் மெல்லிய அடுக்குகளுக்கு இடையே நீர் புகுந்தால் அடுக்குகள் விலகி மண் உப்பும். நீர் வெளியேறினால் அவை நெருங்கி மண் சுருங்கும். செம்மண்ணிலும் களி உண்டு என்றாலும், அதில் பெரும்பாலும் இருக்கும் கயோலினைட் கனிமம் இப்படி நடந்துகொள்வதில்லை. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கங்களில் செம்மண்ணும் கரிசலும் மாறி மாறி வருவதால், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குளம் நன்றாக இருக்க, இந்தப் பக்கம் இருப்பது மட்டும் விரிசல் விடுவதைக் காணலாம். அதைக் கொண்டு கட்டியவரின் திறமையை எடைபோட முடியாது.

கரிசல் மண் வலுவற்றது, குளத்தின் பாரம் தாங்காமல் இறங்கிவிடுகிறது என்று பலர் விளக்கம் சொல்வார்கள். உங்கள் குளத்தைப் பொறுத்தவரை அந்த விளக்கம் பெரும்பாலும் தவறு என்பதை ஒரு எளிய கணக்கே காட்டிவிடும். சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீர் ஒரு சதுர மீட்டரில் ஒன்றரை டன் எடை தரும். 25 சென்டிமீட்டர் கனமுள்ள காங்கிரீட் தளம் ஏறத்தாழ 625 கிலோ. இரண்டும் சேர்ந்து இரண்டு டன்னுக்குச் சற்று மேல். ஆனால் அந்த இடத்தில் முன்பு இருந்து நீங்கள் தோண்டி எடுத்த ஒன்றே முக்கால் மீட்டர் மண்ணின் எடை மூன்று டன்னுக்கு மேல். அதாவது அடிமண்ணின் மீது முன்பு இருந்த சுமையை விடக் குளம் நிரம்பியிருக்கும்போது இருக்கும் சுமை குறைவு. கொட்டி நிரவிய மண்ணின் மீது கட்டியிருந்தாலொழிய, எடையால் குளம் இறங்க வாய்ப்பில்லை. கரிசலில் நடப்பது இதற்கு நேர்மாறானது. மிகுதியாக உப்பக்கூடிய கரிசல், விரிய இடம் கிடைக்காதபோது சதுர மீட்டருக்கு 10 டன்னுக்கும் மேலாக அழுத்தம் தரக்கூடியது. இரண்டு டன் குளம் அதற்கு எதிரே நிற்க முடியாது. மண் தளத்தைத் தூக்குகிறது. தூக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தூக்குவதில்லை என்பதுதான் சிக்கல். குளம் முழுவதும் ஒரே சீராக ஒரு சென்டிமீட்டர் எழுந்து இறங்கினால் குழாய் இணைப்புகளைத் தவிர வேறெதற்கும் பெரிய பாதிப்பு வராது. ஒரு மூலை மட்டும் எழுந்தால் காங்கிரீட் வளைகிறது, வளைந்தால் விரிகிறது.

ஆகவே குளத்தைச் சுற்றி ஒரு பக்கம் ஈரமும் மறுபக்கம் வறட்சியுமாக இருப்பதுதான் உண்மையான எதிரி. கரிசல் அந்த வேறுபாட்டைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் ஊடகம். உங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொல்லியிருந்த ஒரு செய்தி இங்கே மிக முக்கியமாகப் படுகிறது. கிழக்குச் சுவரிலிருந்து சில அடி தள்ளித் தென்னை வரிசை, அதற்குச் சொட்டுநீர். மேற்குப் பக்கம் வெறும் களம். கோடையில் கிழக்குப் பக்க மண் ஈரத்தோடு உப்பியே இருக்க, மேற்குப் பக்க மண் காய்ந்து சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. விலகிய இடத்தில் சுவருக்கு வெளியிலிருந்து கிடைத்த தாங்கல் போய்விடும். உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தைச் சுவர் தனியாகத் தாங்க வேண்டிவரும். மண்ணின் தாங்கலை நம்பாமல் கம்பி கட்டி வடிவமைத்த சுவர் இதைத் தாங்கும். எல்லாக் குளங்களும் அப்படி வடிவமைக்கப்படுவதில்லை. பிறகு முதல் கோடை மழை பெய்யும்போது, தரை நனைவதற்கு முன்பே அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் நேரே அடித்தளம் வரை இறங்கி, இதுவரை காய்ந்திருந்த மண்ணை அடியிலிருந்து உப்பவைக்கிறது. பெருமழை நாளை விட, நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையே இந்த மண்ணில் அதிகம் சேதம் செய்வதாக என் அனுபவம் சொல்கிறது.

ஒழுக்கு என்பது இந்த மண்ணில் விளைவு மட்டுமல்ல, காரணமும்கூட. ஒரு சிறு விரிசலில் கசியும் நீர் அந்த இடத்தை மட்டும் உப்பவைக்கிறது, அது தளத்தை மேலும் வளைக்கிறது, விரிசல் அகலமாகிறது, கசிவு கூடுகிறது. மணற்பாங்கான கடலோர மண்ணில் இதன் வடிவம் வேறு: அங்கே கசியும் நீர் நுண்மணலை அரித்துக்கொண்டு போய் அடியில் பொந்து உண்டாக்கி, தளத்தைத் தாங்கலற்றதாக ஆக்கிவிடும். கட்டியவர் மண்ணைக் குறை சொல்வதிலும் கொத்தனார் காங்கிரீட்டைக் குறை சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை இருப்பது இதனால்தான். திரவங்களைத் தேக்கும் காங்கிரீட் கட்டுமானங்களுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 3370, விரிசல் அகலம் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்குமாறு வடிவமைக்கச் சொல்கிறது. இந்த அளவுக்கு உட்பட்ட நுண்விரிசல்கள், அசையாமல் இருந்தால், சுண்ணாம்புப் படிவால் தாமாகவே அடைபடுவதும் உண்டு. ஆண்டுதோறும் அசையும் விரிசல் அப்படி அடைபடாது. கிரவுட் பூச்சு இரண்டு முறையும் நிற்காமல் போனதற்கு அசைவே காரணம் என்பது என் கணிப்பு. கிரவுட் தண்ணீரைத் தடுக்கும் அரண் அல்ல என்பது கணிப்பல்ல, உறுதி. தண்ணீரைத் தாங்க வேண்டியவை காங்கிரீட்டும் அதன்மேல் இடும் வாட்டர்ப்ரூஃபிங்கும்தான்.

வெப்பத்தின் வேலையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டர் காங்கிரீட் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். தண்ணீருக்குள் இருக்கும் பகுதி நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்க, குளத்தைச் சுற்றியுள்ள நடைதளம் நண்பகலில் கால் வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அந்த நடைதளம் விரிந்து, நீர்மட்டத்தை ஒட்டியிருக்கும் சுவரின் தலைப்பகுதியைத் தள்ளும். அதோடு அதன் அடியில் உள்ள கரிசலும் உப்பினால், நடைதளமே சுவரின் தலையைப் பிடித்துத் தூக்கும். நீர்மட்ட டைல்ஸ் வரிசையை ஒட்டிப் படுக்கைவாட்டில் ஓடும் விரிசலுக்கும், மிதக்கும் தூசியை நீர்மட்டத்திலிருந்து இழுக்கும் ஸ்கிம்மரின் வாய்ப்பகுதி காங்கிரீட்டை விட்டுப் பிரிவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். குளத்தின் ஓரக்கல்லுக்கும் நடைதளத்துக்கும் இடையே முழு ஆழத்துக்கும் ஒரு இடைவெளி விட்டு, அதைப் பாலிசல்பைடு போன்ற நெகிழும் பொருளால் அடைத்திருக்க வேண்டும். பல வீடுகளில் அந்த இடைவெளியையும் அழகுக்காக டைல்ஸ் போட்டு மூடிவிடுகிறார்கள். உங்கள் குளத்தில் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அதுவே. பிவிசி குழாயோ காங்கிரீட்டைப் போல ஏறத்தாழ ஐந்தாறு மடங்கு விரிந்து சுருங்கும், காங்கிரீட்டோடு ஒட்டவும் ஒட்டாது. எனவே ரிட்டர்ன் (வடிகட்டிய நீர் திரும்பும் குழாய்), மெயின் டிரெயின் (அடித்தள வடிகால்), விளக்குக் குழாய் என்று சுவரை ஊடுருவும் ஒவ்வொரு இடமும் நலிந்த இடம். நான் பார்த்த குளங்களில் ஒழுக்கின் பெரும்பகுதி சுவரின் நடுவில் அல்ல, இந்தத் துளைகளைச் சுற்றித்தான் இருந்திருக்கிறது.

மழைக்காலத்தில் ஒழுக்கு நின்றுபோவது ஏன் என்பதில், சில உறுதியானவை, சில அவ்வாறல்ல. மழைநீர் குளத்திலேயே விழுந்து இறக்கத்தை ஈடுகட்டுகிறது, ஈரப்பதமான காற்றில் ஆவியாதல் குறைகிறது, இவ்விரண்டும் ஐயமற்றவை. சுற்றுமண்ணில் நீர் ஏறியிருந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு குறைந்து, அதே துளையில் குறைவாகவே கசியும் என்பதும் உறுதி. உப்பிய களிமண் விரிசலை வெளியிலிருந்து அடைத்துவிடுகிறது என்பது பெரிதும் சாத்தியம். அது உங்கள் குளத்தில் நடக்கிறதா என்பதைத் தோண்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் திண்ணம்: மழைக்காலத்தில் இறங்கவில்லை என்பதால் குளம் குணமாகிவிட்டதாகக் கொள்ள முடியாது. இணையத்தில் படித்ததாக நீங்கள் குறிப்பிட்ட உறைபனிச் சேதம், நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் குளிர்நாடுகளில் வருவது. உடுமலையில் அதற்கு இடமே இல்லை. அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பழுதுபார்ப்பதற்காகக் குளத்தை மழைக்காலத்திலோ அதை ஒட்டியோ காலிசெய்ய வேண்டாம். 25 சென்டிமீட்டர் தளம் சதுர மீட்டருக்கு 625 கிலோ என்றேன். வெளியே நிலத்தடி நீர் தளத்தின் அடிமட்டத்துக்கு மேல் 63 சென்டிமீட்டர் ஏறினாலே அதன் மேல்நோக்கிய அழுத்தம் அந்த எடையைச் சமன்செய்துவிடும். சுவர்களின் எடையும் மண்ணின் உராய்வும் ஓரளவு கூடுதல் பாதுகாப்பு தருமென்றாலும், காலிக் குளம் ஓடம்போல எழும்புவதோ தளம் நடுவில் வெடிப்பதோ உண்மையில் நிகழக்கூடியது. "எங்கள் கிணற்றில் தண்ணீர் நூறடிக்குக் கீழே இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். கரிசல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. குளத்துக்குத் தோண்டிய குழியின் ஓரத்தில் நிரப்பிய தளர்ந்த மண்ணில் மழைநீர் தேங்கி, வெளியேற வழியின்றிக் குளத்தைச் சுற்றி நிற்கும். அந்தத் தேக்கத்துக்கும் கிணற்று நீர்மட்டத்துக்கும் தொடர்பில்லை. சித்திரை வெயிலில் காலிசெய்து வாரக்கணக்கில் விடுவதும் நல்லதல்ல. டைல்ஸ் சூடேறிக் கழன்றுவரும், அடிமண்ணின் ஈரநிலையும் மாறும். மழைக்காலம் முடிந்து மண் இன்னும் முற்றிலும் காயாத தை, மாசியில், மழை வராத வாரமாகப் பார்த்து, சுற்றுக்குழியில் நீர் நிற்கவில்லை என்பதை ஒரு சிறு துளையிட்டு உறுதிசெய்த பிறகு காலிசெய்வதே பாதுகாப்பானது.

காலிசெய்வதற்கு முன்பே கண்டுபிடிக்கக்கூடியது நிறைய உண்டு. பக்கெட் சோதனையில் பம்ப் ஓடும்போது மட்டும் ஒழுக்கு கூடினால், பம்புக்குப் பின் அழுத்தத்தில் இருக்கும் ரிட்டர்ன் குழாயையோ ஃபில்டரில் நீரின் போக்கை மாற்றும் பல்வழி வால்வையோ ஐயப்பட வேண்டும்; அந்த வால்வுக்குள் இருக்கும் கேஸ்கெட் தேய்ந்து, ஃபில்டரைக் கழுவிய நீரை வெளியேற்றும் பேக்வாஷ் குழாய் வழியே தண்ணீர் சத்தமில்லாமல் வெளியேறுவதைப் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. பம்ப் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவாக இறங்கினால் குளத்தின் உடலை ஐயப்பட வேண்டும். அப்போது தண்ணீர் ஊற்றாமல் விட்டு, எந்த மட்டத்தில் இறக்கம் மெதுவாகிறது என்று பாருங்கள். ஸ்கிம்மரின் அடிமட்டத்தில் மெதுவானால் ஸ்கிம்மர், விளக்கு மட்டத்தில் என்றால் விளக்கு. இதற்காகப் பாதிக்கு மேல் இறங்க விட வேண்டாம். ஐயத்துக்குரிய இடத்தருகே, தண்ணீர் அசைவற்றிருக்கும்போது, சிறிது சாய நீரை மெல்லச் சொட்டுங்கள். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இழுக்கப்படுவது கண்ணுக்கே தெரியும். நடைதளத்திலும் ஓரக்கல்லிலும் தெரியும் விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை சிமென்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் உயிரோடிருக்கிறது, அதாவது இன்னும் அசைகிறது. இந்தப் பழைய கொத்தனார் வழக்கத்துக்கு ஈடான மலிவான கருவி வேறில்லை.

உயிருள்ள விரிசலா, அடங்கிய விரிசலா என்பதைப் பொறுத்தே மருந்து மாறும். அடங்கியதற்கு எப்பாக்சி என்ற இறுகும் பசையைச் செலுத்தலாம். அது காங்கிரீட்டை மீண்டும் ஒன்றாகப் பிணைக்கும். அசையும் விரிசலில் எப்பாக்சி இட்டால் அது பிடித்துக்கொள்ள, பக்கத்திலேயே புதிய விரிசல் பிறக்கும். அங்கே பாலியூரிதேன் போன்ற நெகிழ்பொருளும், அதன்மேல் நெகிழும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சும்தான் பொருந்தும். ஆனால் சுற்றுமண்ணின் ஈர வேறுபாட்டைச் சரிசெய்யாமல் இதில் எதைச் செய்தாலும் ஓரிரு கோடைகளுக்கு மேல் நிற்காது என்றே எதிர்பார்க்கிறேன். உங்கள் இடத்தில் நானிருந்தால் குளத்தில் கைவைப்பதற்கு முன்பு வெளியே வேலை செய்வேன்: கூரைநீர் குளத்தோரம் விழாதபடி குழாய் வைத்து அப்பால் கொண்டுபோவது; குளத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலத்துக்காவது, வெளிப்பக்கம் சாய்வாக, நீர் இறங்காத தளம் அமைத்து, குளத்தோடு சேருமிடத்தில் நெகிழும் அடைப்பு இடுவது; கிழக்கு வரிசைத் தென்னையின் சொட்டுநீரை மரத்தின் மறுபக்கத்துக்கு மாற்றுவது. சொட்டுநீரை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பாசனம் நின்றால் அதே மரங்கள் குளத்தடி ஈரத்தை உறிஞ்சி, அந்தப் பக்கத்தையும் சுருங்கவைக்கும். பெரிய மரம் எதுவானாலும் அதன் உயரத்துக்கு நிகரான தூரமாவது களிமண்ணில் நிற்கும் கட்டுமானத்திலிருந்து தள்ளி இருப்பது நல்லது என்பது பொது விதி. இருக்கும் மரத்தை வெட்டுவதோ, வெட்டிய இடத்து மண் பல பருவங்களுக்கு மெல்ல உப்பிக்கொண்டே இருக்கும் என்பதால், அதற்கே உரிய ஆபத்துடையது. அவசரப்பட்டு மரத்தில் கைவைக்க வேண்டாம்.

முழுவதும் உடைத்துக் கட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு, இப்போது தெரிந்த அளவில் வேண்டாம் என்பதே என் பதில். நாளுக்கு 500 லிட்டர் என்பது, தளம் இரண்டாகப் பிளந்த குளத்தின் அளவல்ல. ஒரு ஸ்கிம்மர் இணைப்போ ஒரு குழாய் மூட்டோ தனியாகவே இவ்வளவு ஒழுக முடியும். ஆனால் எதிரெதிர் மூலைகளின் நீர்மட்டக் கோடு டைல்ஸ் வரிசையோடு ஒப்பிடும்போது இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டு, அந்த வேறுபாடு பருவத்துக்குப் பருவம் மாறினால், என் பதிலும் மாறும். தண்ணீர் எப்போதும் மட்டமாக நிற்பதால் குளமே தனக்கான அளவுகோல். ஆடியில் ஒரு முறையும் கார்த்திகையில் ஒரு முறையும் நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிவையுங்கள்.

இதே மண்ணில் புதிதாகக் கட்ட நினைத்து இதைப் படிப்பவர்களுக்குச் சில சொற்கள். தோண்டும் முன் மண்ணைச் சோதனைக்குக் கொடுங்கள். ஐஎஸ் 2720-இன் 40-ஆம் பகுதி சொல்லும் சோதனை மிக எளியது: உலர்த்திச் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில், ஒன்றில் வாலைவடிநீரிலும் மற்றொன்றில் மண்ணெண்ணெயிலும் ஊறவைத்து, 24 மணி நேரத்துக்குப் பிறகு இரண்டின் பருமனையும் ஒப்பிடுவார்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது என்பதால் வேறுபாடு அப்படியே உப்பும் தன்மையைக் காட்டும். அந்த வேறுபாடு மண்ணெண்ணெய்க் குழாயில் உள்ள பருமனில் 50 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் கவலை குறைவு. 100-க்கு மேல் என்றால் வழக்கமான குளம் அங்கே கட்டக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் அடியிலும் சுற்றிலும் கரிசலை எடுத்துவிட்டு, உப்பாத ஆனால் ஒட்டுந்தன்மையுள்ள கிராவல் மண்ணை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை படிப்படியாகத் திமிசு போட்டு இறுக்கி நிரப்ப வேண்டும். மும்பை ஐஐடி-யில் ஆர்.கே. கட்டி என்ற பேராசிரியர் இந்த முறையைப் பற்றி விரிவாக ஆய்வுசெய்திருக்கிறார், நம் நாட்டில் கரிசல் வழிச் செல்லும் கால்வாய்களுக்கு இது பயன்பட்டுவருகிறது. மணலையோ எம்-சாண்டையோ கொட்டி நிரப்பினால் தண்ணீர் தேங்கும் தொட்டியைக் குளத்தைச் சுற்றி நீங்களே கட்டியதாகிவிடும். சுவரை வெளி மண்ணின் உதவியின்றி நிற்குமாறும், காலியாக இருக்கையில் வெளி மண்ணைத் தாங்குமாறும், இரண்டு நிலைகளுக்கும் வடிவமைக்கச் சொல்லிக் கேளுங்கள். சுவரை ஊடுருவும் ஒவ்வொரு குழாய்க்கும் காங்கிரீட்டுக்குள் பதியும் தடுப்பு வளையம் இருக்கிறதா என்பதை காங்கிரீட் போடும் முன் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கேட்டவர் பக்கெட் சோதனையின் இரண்டு நாள் அளவுகளையும், ஓரக்கல்லுக்கும் நடைதளத்துக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பது தெரியும் ஒரு படத்தையும், இறக்கம் எந்த மட்டத்தில் மெதுவாகிறது என்பதையும் இங்கே பதிவிட்டால், குழாயா சுவரா என்ற அளவுக்காவது அடுத்த பதிலில் குறுக்கிச் சொல்ல முடியும்.